முப்பத்தெட்டு மாம்பழங்கள்

இந்த நோயைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் வழக்கமாக முதல் பாதியை மட்டும் சொல்வேன். அந்தப் பாதியில் நான் பாவப்பட்டவள். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். இங்கே இரண்டு பாதியையும் எழுதுகிறேன்.

மழைக்காலத் தொடக்கத்தில் எனக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. நின்றது, மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு காலையில் பாதங்கள் மரத்திருந்தன. மறுநாள் மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது முழங்கால் மடங்கியது. மூன்றாம் நாள் காக்கநாட்டில் அலுவலகத்தில் இருந்தபோது கையிலிருந்த கன்ட்ரோலர் நழுவித் தரையில் விழுந்தது. என் வேலை வீடியோ கேம்களைச் சோதிப்பது. எந்தப் பொத்தானை எந்த நொடியில் அழுத்தினால் விளையாட்டு உடைகிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பேன். எங்கள் குழுவில் என் கட்டைவிரல்தான் வேகமானது என்று பேர். குனிந்து கன்ட்ரோலரை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். கட்டைவிரல் போய்ப் பொத்தானின் மேல் உட்கார்ந்தது, அழுத்தவில்லை.

எறணாகுளத்து மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ரப்பர் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளவில்லை. மறு காலையும் தட்டினார். பிறகு அம்மாவிடம், "அட்மிட் செய்யணும், இன்னைக்கே," என்றார்.

நோயின் பெயர் கில்லன்-பாரே. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், வயிற்றுக் கிருமியை அடித்து முடித்த பிறகும் நிற்காமல் சொந்த நரம்புகளின் மேலுறையை உரிக்கத் தொடங்குகிறது. நரம்பை மின்கம்பி என்று வைத்துக்கொண்டால், கம்பி இருக்கிறது, மேலே இருக்கும் பிளாஸ்டிக் போய்விட்டது. மூளை அனுப்பும் கட்டளை வழியிலேயே கசிந்துவிடுகிறது. இதை உறுதி செய்ய இரண்டு பரிசோதனைகள் செய்தார்கள். ஒன்றில் கையிலும் காலிலும் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தார்கள். இன்னொன்றில் என்னை இறால் போலச் சுருண்டு படுக்கவைத்து, முதுகெலும்பின் இடுக்கில் ஊசி செலுத்தி நீர் எடுத்தார்கள்.

இந்த நோய் காலிலிருந்து மேலே ஏறும். நெஞ்சுவரை ஏறினால் மூச்சு நிற்கும். அதனால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு நர்ஸ் வந்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். முதல் நாள் முப்பத்தொன்றுவரை எண்ணினேன். மறுநாள் இருபத்திரண்டு. அதற்கு மறுநாள் பதினேழு. எண்கள் எனக்குப் பழக்கமானவை. எதையும் எழுதிவைத்து வரிசைப்படுத்தினால் பயம் குறையும் என்று நம்பியவள் நான். பதினேழுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிறகு வரிசை எழுதுவதை நிறுத்திவிட்டேன். நான் எண்ணும்போது அம்மாவும் உதடு அசையாமல் கூடவே எண்ணுவாள். நான் நிறுத்திய இடத்தில் அவள் விரல் மடங்கி நிற்பதைப் பார்ப்பேன்.

"பேடிக்காத மோளே, நேத்தைவிட ஒண்ணுதான் கொறவு," என்று என் பயத்தைப் போக்கப் பார்ப்பாள். ஐந்து குறைந்திருக்கும்.

மருந்து, பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். ஐந்து நாள் சொட்டுச்சொட்டாக ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். அதன் விலையை அப்பா இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் மாநகராட்சியின் துப்புரவுப் பிரிவில் வேலை செய்கிறார். வேலை முடிந்து நேராக மருத்துவமனைக்கு வருவார். கீழே குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, பையில் வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு மேலே வருவார். ஒரு நாள் நகவெட்டியை எடுத்து என் பத்து விரலுக்கும் நகம் வெட்டினார். வெட்டிய நகங்களைக் காகிதத்தில் மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் பத்தொன்பது எண்ணினேன். ஏழாம் நாள் இருபத்தாறு. ஏறிய நோய் இறங்கத் தொடங்கியது. இரண்டு வாரத்தில் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "நரம்பு மெதுவாத்தான் வளரும், அவசரப்படக் கூடாது. தினமும் பிசியோதெரபி," என்றார் மருத்துவர்.

இதுவரைதான் நான் எல்லோரிடமும் சொல்லும் பாதி.

பிசியோதெரபிக் கூடம் தேவராவில் இருந்தது. அம்மா தினமும் ஆட்டோவில் என்னை ஏற்றி, தோப்பும்படிப் பாலம் தாண்டிக் கூட்டிப்போவாள். பெரிய கூடம், கம்பிகள், படிக்கட்டுகள், நீலப் பாய்கள். எங்களைக் கவனித்தவர் ஷைனி சேச்சி. மலையாளி, ஆனால் தமிழ் நோயாளிகளிடம் தமிழும் மலையாளமும் கலந்த ஒரு சொந்த மொழியில் பேசுவார். கூடத்தின் ஒரு மூலையில் ஒரு டிவியும் பழைய கேம் கன்சோலும் இருந்தன. குணமாகிப்போன ஏதோ குடும்பம் கொடுத்துவிட்டுப் போனதாம். அசைவைக் கொண்டு ஆடும் வகை. கன்ட்ரோலரை உள்ளங்கையில் பட்டையால் கட்டிவிடுவார்கள். தோளிலிருந்து கையைத் தூக்கினால் திரையில் இருக்கும் கை மரத்திலிருந்து ஒரு மாம்பழத்தைப் பறிக்கும். இறக்கினால் பழம் கூடையில் விழும். மூன்று நிமிடத்தில் நாற்பது பழம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வகைக் கன்ட்ரோலர்களைப் பற்றி அலுவலகத்தில் என் கருத்து எல்லோருக்கும் தெரியும். முந்தைய வருடம் ஒரு துடுப்புப் படகு விளையாட்டை அசைவு முறையில் வெளியிடலாமா என்று எங்களிடம் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று எழுதியவள் நான். பொத்தான் நேர்மையானது, அழுத்தினால் அழுத்தியது, இல்லையென்றால் இல்லை. அசைவுக் கன்ட்ரோலர் ஊகிக்கிறது. முதல் நாள் எல்லோரும் எழுந்து நின்று உடம்பு முழுவதையும் ஆட்டித் துடுப்புப் போடுவார்கள். மூன்றாம் நாள் சோபாவில் சாய்ந்து மணிக்கட்டை மட்டும் சொடுக்குவார்கள். படகு அதே வேகத்தில் போகும். ஆகவே இது பொத்தானேதான், கொஞ்சம் மோசமான பொத்தான். இதுதான் என் அறிக்கையின் சாரம். அந்த முறையைக் கைவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் நாள் நான் பறித்தது நான்கு மாம்பழம்.

கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. நோயாளிகளின் பெயரும் அன்றைய பழக்கணக்கும் அதில் எழுதப்படும். உற்சாகத்துக்காகத்தான், உண்மையான அளவை ஷைனி சேச்சி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கை எத்தனை பாகை உயர்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்வார். ஆனால் பலகைதான் எல்லோர் கண்ணிலும் படும். ரம்யா என்ற என் பெயருக்கு நேராக நான்கு. அதற்கு மேலே எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், பதினொன்று. சுடலைமுத்து, ஒன்பது.

சுடலைமுத்து அண்ணன் தென்காசிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். மட்டாஞ்சேரிக் கடைவீதியில் ஒரு ஹோட்டலில் பொரோட்டா மாஸ்டர். மூளையில் ரத்தம் உறைந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் கிட்டத்தட்டத் திரும்பியிருந்தது, கை திரும்பவில்லை. கூட அவர் மனைவி செல்வி அக்கா வருவார். ஹோட்டல் முதலாளி, ஓணம்வரை இடத்தைக் காலியாக வைத்திருப்பேன், அதற்குமேல் முடியாது என்று சொல்லியிருந்தார். இதை எல்லோரிடமும் அண்ணனே சொல்வார்.

"மாவ வீசணும்னா கை தலைக்கு மேல போவணும் தங்கச்சி. நெஞ்சு மட்டுக்கும் போனா சப்பாத்திதான் போட முடியும். சப்பாத்திக்கு யாரு சம்பளம் கொடுப்பா?"

"இவுக பொரோட்டா வீசுனா தெருவுல போறவன் நின்னு பாப்பான்," என்பார் செல்வி அக்கா. "இப்ப நான் ஊட்டிவிடுதேன், வாயவே தெறக்க மாட்டேங்காக."

"நீ வைக்கிற ரசத்துக்கு எதுக்குட்டி வாயத் தெறக்கணும்?"

இருவரும் எப்போதும் இப்படித்தான். நான் சிரிப்பேன். முதல் மூன்று நாள் நான்கு, ஐந்து, நான்கு என்று பறித்தேன்.

நான்காம் நாள் செய்ததை வரிசையாகவே எழுதுகிறேன். கால் தளர்ச்சி என்பதால் என்னை நாற்காலியில் உட்கார்ந்து ஆட அனுமதித்திருந்தார்கள். நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது. முழங்கையை அதன்மேல் ஊன்றினேன். துப்பட்டாவை அதன்மேல் விரித்தேன். தோளுக்கு முன்பே என் மணிக்கட்டுக்குப் பலம் திரும்பியிருந்தது. அந்தக் கன்ட்ரோலருக்குக் கண் கிடையாது. கை எங்கே இருக்கிறது என்று அது அறியாது. எவ்வளவு வேகமாக அசைந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான் தெரியும். மணிக்கட்டை மேலே ஒரு சொடுக்கு. மாம்பழம் வந்தது. கீழே ஒரு சொடுக்கு. கூடையில் விழுந்தது.

அன்று இருபத்தொன்று. ஒரே தாவலாக இருக்கக் கூடாது என்று அங்கே நிறுத்தினேன். மறுநாள் இருபத்தாறு. வாரக் கடைசியில் முப்பத்தெட்டு. நாற்பது எடுத்தால் சந்தேகம் வரும் என்று இரண்டை விட்டுவைத்தேன். அந்த இரண்டை நினைக்கும்போதுதான் இப்போதும் உடம்பு கூசுகிறது. தோற்ற கோபத்தில் செய்தது என்று மற்றதற்கெல்லாம் காரணம் சொல்லிக்கொள்ளலாம். அந்த இரண்டுக்குச் சொல்ல முடியாது.

"அடிபொளி!" என்று கைதட்டினார் ஷைனி சேச்சி. "கண்டோ எல்லாரும்? ஒரு ஆழ்ச்ச கொண்டு, ஒரே வாரத்துல, நாலுலேந்து முப்பத்தெட்டு!"

அம்மா அழுதாள். ஆட்டோவில் போகும்போதே அத்தைக்கும் சித்திக்கும் போன் செய்தாள். அன்று மாலை கப்பைக்கிழங்கும் மீன்கறியும் செய்து, முள்ளெடுத்து ஊட்டினாள். "இனி ரெண்டு ஆழ்ச்சையில நீயே முள்ளெடுத்துத் தின்னுவ," என்றாள். நான் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டேன்.

அளவுகோல் நாள் வந்தபோது தோள் வலிக்கிறது என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். சேச்சி நம்பினார். இவ்வளவு உழைப்பவளுக்குத் தோள் வலிக்கத்தானே செய்யும்?

அன்றுதான் சுடலை அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் ஒரு மாசத்துல பதிமூணு. நீ ஒரு வாரத்துல முப்பத்தெட்டு. என்ன மாயம் தங்கச்சி?"

"மாயம் ஒண்ணுமில்லண்ணே. வீட்டுல பயிற்சி செய்யறேன்."

"என்ன பயிற்சி?"

"கையத் தலைக்கு மேல தூக்கி இறக்கறதுதான்."

"எத்தன தடவ?"

என் வாயில் முதலில் வந்த எண்ணைச் சொன்னேன். "நூறு."

"தெனமுமா?"

"தினமும்."

அவர் தன் வலக்கையை இடக்கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடி, "நூறு," என்றார்.

அடுத்த வாரம் இரண்டு நாள் அவர்கள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது அண்ணனின் கை கழுத்தில் கட்டிய துணித்தூளியில் தொங்கியது. தோள் வீங்கியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று ஷைனி சேச்சி கேட்டார். செல்வி அக்கா சொன்னார்: வாடகை அறைச் சன்னலின் மேல்கம்பி வழியாக வேட்டியைப் போட்டு, ஒரு முனையை வலக்கையில் சுற்றி, மறு முனையை இடக்கையால் கீழே இழுத்திருக்கிறார். கிணற்றில் வாளி இறைப்பதுபோல. வலக்கை தலைக்கு மேல் போகும்வரை.

பக்கவாதம் வந்த தோளில் செய்யக் கூடாத காரியம் இதுதான். மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் தளர்ந்திருக்கும்போது கையை மேலே இழுத்தால், எலும்பு அதன் கிண்ணத்திலிருந்து இறங்கும், சுற்றியிருப்பதெல்லாம் கிழிபடும். மூன்று வாரம் அந்தக் கைக்குப் பயிற்சியே கிடையாது என்றார் சேச்சி. ஓணத்துக்கு நான்கு வாரம் இருந்தது.

"யாரு சொன்னது உங்களோட இப்படிச் செய்யணும்னு?" சேச்சிக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"யாரும் சொல்லல மேடம். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காப்பாற்றுகிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று முப்பத்தேழு பறித்தேன்.

இன்னும் இரண்டு நாள் அப்படியே போனது. அண்ணன் கால் பயிற்சிக்கு மட்டும் வருவார், நான் சொடுக்கிக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் பட்டையைக் கையில் கட்டிவிட்ட சேச்சி, "நாளை கண்டிப்பா அளக்கணும் கேட்டோ," என்றார். மாட்டிக்கொள்ளப்போகிறேன் என்று தெரிந்த பிறகுதான் சொன்னேன். இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மனசாட்சி என்னைத் தள்ளியது என்று எழுதினால் அது முப்பத்தொன்பதாவது மாம்பழம்.

"சேச்சி, நான் கையத் தூக்கவே இல்ல," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. துப்பட்டாவை எடுத்துவிட்டு, முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றிச் செய்து காட்டினேன். திரையில் மாம்பழங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. சுடலை அண்ணனும் செல்வி அக்காவும் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். அம்மாவும்.

முதலில் அண்ணன் சிரித்துவிட்டார். "அட, இம்புட்டுத்தானா? இத எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கலாம்லா? நானும் உக்காந்த இடத்துல தோட்டத்தையே காலி பண்ணியிருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகத்திலிருந்தும் சிரிப்பு மெல்லப் போனது.

"அப்ப வீட்டுல நூறு தடவ?"

"இல்லண்ணே."

"பத்து?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

செல்வி அக்கா என்னிடம் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கணவரின் தூளியைச் சரிசெய்துகொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "நூறையும் எண்ணுனது நாந்தான். அறுவதுக்கு மேல இவுக அழுதாக. விட்டுரு செல்வி, வலிக்கின்னாக. நாந்தான் விடல. ஒரு பொட்டப்புள்ள செய்யுதா, ஆம்பள ஒங்களுக்கு என்னன்னு கேட்டேன்."

அம்மா கூடத்தை விட்டு வெளியே போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கும் சித்திக்கும் போன் செய்து, "அது மெஷினோட தப்பு," என்று சொன்னாள். அதைக் கேட்டதும் நான் போனை வாங்கி, மெஷினில் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது போனைக் காதில் பிடிக்கும் அளவுக்கு என் கை உயரவில்லை என்பது உண்மை. அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன் என்பதும் உண்மை.

மறுநாள் சேச்சி அளந்தார். என் கை விலாவிலிருந்து முப்பது பாகை உயர்ந்தது. ஏமாற்றிய வாரங்களில் தோள் கொஞ்சமும் முன்னேறியிருக்கவில்லை. பலகையில் என் பெயருக்கு நேராக அன்று மூன்று என்று எழுதினார். திட்டவில்லை. ஆனால் அதன் பிறகு கைப்பிடி இல்லாத முக்காலியைத்தான் எனக்குப் போட்டார்.

இப்போது யோசிக்கும்போது அலுவலகத்தில் நான் எழுதிய அறிக்கை தவறில்லை என்றுதான் தோன்றுகிறது. ஜெயிப்பதற்காக ஆடினால் பொத்தான் நல்லது; வேகமானது, நேர்மையானது. அசைவை வைத்து ஆடச் சொன்னால் ஜெயிக்க நினைப்பவன் அசைவைத்தான் முதலில் மிச்சப்படுத்துவான். ஆனால் நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: அசைவதே தேவையாக இருப்பவர்கள் ஆடினால்? சுடலை அண்ணன் வாழ்க்கையில் ஒரு கன்ட்ரோலரையும் தொட்டவரில்லை. பதினாறு பொத்தான்களைக் கொடுத்திருந்தால் பயந்து கீழே வைத்திருப்பார். கையைத் தூக்கு, பழம் வரும் என்றதும் தூக்கினார். ஒவ்வொரு பழத்துக்கும் முழுதாகத் தூக்கினார். அவருக்கு அந்த விளையாட்டு உண்மையாகவே நன்றாக இருந்தது, நான் பக்கத்தில் உட்காரும்வரை.

ஓணத்துக்கு முந்தைய வாரம் ஹோட்டலில் புது மாஸ்டர் வந்துவிட்டார். அண்ணனும் அக்காவும் ஊருக்குப் போனார்கள். போகும்போது சேச்சியிடம் சொல்லிக்கொண்டார்கள். நான் அன்று வேண்டுமென்றே தாமதமாகப் போனேன்.

கார்த்திகையில்தான் துணிந்து சேச்சியிடம் எண் வாங்கி போன் செய்தேன். நான் அப்போது தடியில்லாமல் நடந்தேன், வேலைக்கும் திரும்பியிருந்தேன். அண்ணன்தான் எடுத்தார். குரலில் கசப்பு இல்லை. கடையநல்லூரில் மச்சான் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். "பொரோட்டா வேற ஆளு போடுதான். பாத்துக்கிட்டே இருக்கேன். வட்டமாவே வரல அவனுக்கு."

"கை எப்படி இருக்குண்ணே?"

"காது மட்டுக்கும் வந்துட்டு. இன்னும் கொஞ்சம் போவணும். ஒனக்கு?"

"தலைக்கு மேல போகுதுண்ணே. முழுசா."

அந்தப் பக்கம் செல்வி அக்காவின் குரல் கேட்டது. போனை வாங்கியிருந்தார்.

"வீடியோவுல வா," என்றார்.

வந்தேன். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கையைத் தூக்கப் போனேன். திரையில் இரண்டு முகங்களும் நெருங்கி வந்து என்னைப் பார்த்தன.

"சேர்லேருந்து எந்திரி," என்றார் அக்கா. "நின்னுக்கிட்டுத் தூக்கு. நாங்க எண்ணுதோம்."

எழுந்து நின்றேன்.